எட்டு ஆண்டு கழித்துத் தேடிப்போனவர்கள்

பிலடெல்பியா நகரில் தாமஸ் எடிசன் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்காவிலேயே மிக அதிகமான முன்னாள் மாணவர்களைப் பறிகொடுத்த பள்ளி அது. இறந்தவர்கள் 64 பேர். படித்தவர்களில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பையன்கள். பாதியில் படிப்பை விட்டவனுக்கு நல்ல வேலை கிடைக்காது. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் கடிதம் மட்டும் தவறாமல் வந்துசேரும். அந்தப் பள்ளியில் 1969-ல், மின்தொழிலை மையமாக வைத்து ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார்கள். பையன்கள் பள்ளியை விட்டு ஓடாமல் இருக்கவேண்டும், வெளியே போகும்போது கையில் ஒரு பிடிமானம் இருக்கவேண்டும் என்பதே நோக்கம். ‘கேரியர் அகாதெமி’ என்று பின்னால் நாடெங்கும் பரவிய ஏற்பாட்டுக்கு அதுதான் விதை.

மேல்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளை வேலை உலகத்துக்குத் தயார்செய்யும் திட்டங்களுக்கு உலகில் குறைவில்லை. ஆனால் அவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பயிற்சி முடிந்த நாளோடு முடிந்துவிடுகிறது. இத்தனை ஆயிரம் பேர் சேர்ந்தார்கள், இத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்று கணக்கு வரும். அந்தப் பிள்ளைக்கு இருபத்தாறு வயதானபோது அந்தப் பயிற்சி எங்கே இருந்தது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு நம்பத்தக்க விடை தரும் ஆய்வுகள் சிலவே. அவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது தெரிவது, இந்தத் துறையில் வழக்கமாக நம்பப்படுவதிலிருந்து சற்று விலகியே இருக்கிறது.

முதல் சிக்கல் அளவிடுவதில் இருக்கிறது. தொழில் பயிற்சியில் சேர்ந்த பையன் பத்து வருடம் கழித்து நன்றாக இருக்கிறான் என்றால், அது பயிற்சியின் பலனா, சேரவேண்டும் என்று தானாக முன்வந்த அவனுடைய சூட்டிகையின் பலனா? விளைச்சலுக்குக் காரணம் விதையா மண்ணா என்ற பழைய கேள்விதான். எம்டிஆர்சி என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1993-ல் இதற்கு ஒரு நேர்மையான வழியைப் பிடித்தது. அகாதெமிகள் சிலவற்றில் இருந்த இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம். யாரைச் சேர்ப்பது என்பதைக் குலுக்கலுக்கு விட்டார்கள். இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் ஒரே ஆர்வம், ஒரே பின்னணி உடையவர்கள். அதிர்ஷ்டம் ஒன்றுதான் வேறுபாடு. ஒன்பது பள்ளிகள், 1,700-க்கும் மேற்பட்ட மாணவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். பள்ளி முடிந்து எட்டு ஆண்டுகள் வரை இரு சாராரையும் பின்தொடர்ந்தார்கள். ஜேம்ஸ் கெம்பிள் எழுதிய இறுதி அறிக்கை 2008-ல் வெளிவந்தது.

அகாதெமி என்பதன் அமைப்பையும் சொல்லிவிட வேண்டும். பெரிய பள்ளிக்குள் சுமார் 150 முதல் 200 மாணவர் கொண்ட ஒரு சிறு பள்ளி. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு அதே தோழர்கள், பெரும்பாலும் அதே ஆசிரியர்கள். கணிதம், ஆங்கிலம், அறிவியல் எல்லாம் மற்றவர்களுக்கு உள்ளதுபோலவே. கூடவே மின்னணுவியல், மருத்துவப் பணிகள், நிதி, சுற்றுலா என்று ஏதோ ஒரு துறை. உள்ளூர் நிறுவனங்கள் ஆட்களை வகுப்புக்கு அனுப்பும், மாணவர்களை வேலையிடத்துக்கு அழைக்கும், சிலருக்குப் பயிற்சி வேலையும் தரும். கல்லூரிக்குப் போகும் பாதை எங்கேயும் மூடப்படவில்லை. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக்கு வரும்போது இதுவே முக்கியமாகப்போகிறது.

முடிவுகள் முதலில் ஏமாற்றமாகத்தான் தெரிந்தன. தேர்வு மதிப்பெண்ணில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. படிப்பை விடும் ஆபத்தில் மிகுதியாக இருந்தவர்களிடையே மட்டும் இடைநிற்றல் 32 விழுக்காட்டிலிருந்து 21-ஆகக் குறைந்தது. எட்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் விகிதமும் சரி, அதற்குமேல் பட்டமோ பட்டயமோ பெற்றவர்களின் விகிதமும் சரி, இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. படிப்பை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தியிருந்தால், இந்தத் திட்டம் வீண் என்று கோப்பை மூடியிருப்பார்கள்.

வருமானத்தில்தான் வேறுபாடு தெரிந்தது. குலுக்கலில் இடம் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஆண்டுக்குச் சராசரியாக 11 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். 2006-ம் ஆண்டு விலைவாசிக் கணக்கில் வருடத்துக்கு 2,088 டாலர். இளைஞர்களிடையே இது 17 விழுக்காடு. எட்டு ஆண்டுகளையும் கூட்டினால் அந்த இளைஞர்களுக்குச் சுமார் 30,000 டாலர். இளம்பெண்களிடையே உறுதியாகச் சொல்லத்தக்க உயர்வு இல்லை; அதைப் பிறகு பார்ப்போம். வருமானத்தைத் தாண்டியும் ஒன்று தெரிந்தது. அகாதெமியில் படித்தவர்களில் தனிக் குடித்தனம் அமைத்து, துணையோடும் குழந்தைகளோடும் சேர்ந்து வாழ்பவர்கள் அதிகம் இருந்தார்கள். குடும்பம் நடத்துவது பற்றி அந்தப் பள்ளிகளில் யாரும் பாடம் எடுக்கவில்லை. கையில் நிலையான வருமானம் வந்தது, வீடு நிலைத்தது.

மதிப்பெண் கூடவில்லை, பட்டம் கூடவில்லை. பின் எது கூடியது? அறிக்கையின் முற்பகுதிகளைப் படித்தால் ஒரு தடயம் கிடைக்கிறது. இரு சாராரின் பள்ளி அனுபவமும் தெளிவாக வேறுபட்டது இரண்டு இடங்களில். ஒன்று, ஆசிரியரும் தோழரும் தங்களை அறிந்திருக்கிறார்கள், தங்கள் மேல் அக்கறை வைத்திருக்கிறார்கள் என்ற உணர்வு. மற்றது, வேலையிடத்தோடு ஏற்பட்ட நேரடிப் பழக்கம். என் வாசிப்பில் இதுதான் முழு ஆய்வின் சாரம். பதினாறு வயதில் ஒரு பிள்ளை, பெற்றோரும் ஆசிரியரும் அல்லாத பெரியவர்களோடு, தன்மேல் பொறுப்பை ஒப்படைக்கும் பெரியவர்களோடு, பழகக் கற்றுக்கொள்கிறது. நேரத்துக்கு வரவேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவேண்டும், செய்த தவறை மறைக்காமல் காட்டவேண்டும். இவை எந்த வினாத்தாளிலும் வருவதில்லை. நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு மாமாவோ அப்பாவின் நண்பரோ இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார். கூலி வேலைக்குப் போகும் தாயின் மகனுக்கு யார் சொல்லுவார்கள்?

இந்தக் கண்டுபிடிப்பு தனித்து நிற்கவில்லை. கனெக்டிகட் மாநிலத்தில், ஆய்வு நடந்த காலத்தில், அரசு நடத்தும் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளிகள் 16 இருந்தன. அவற்றில் சேர மதிப்பெண் அடிப்படையில் ஒரு வரம்பு. வரம்பை மயிரிழையில் தாண்டியவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள் பிரன்னர், டோர்டி, ராஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள். சேர்ந்த பையன்கள் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு 10 புள்ளி கூடியது. வருமானம் 30 விழுக்காட்டுக்கும் சற்று மேல் உயர்ந்தது. வருகைப் பதிவும் சிறந்தது, தேர்வு மதிப்பெண்ணும் கூடியது. தொழில் படித்தால் பாடப் படிப்பு கெடும் என்ற அச்சத்துக்கு இங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. கையால் ஒரு பொருளைச் செய்யும் பையனுக்கு, அதே பள்ளியில் நடக்கும் கணக்கு வகுப்பும் ஏதோ அர்த்தமுள்ளதாகப் பட்டிருக்கலாம்.

பெண்பிள்ளைகளுக்கு மட்டும் இங்கேயும் பலன் தெரியவில்லை. இரண்டு ஆய்வுகளிலும் ஒரே மாதிரி. இதைப் பெண்களின் குறையாகப் பார்ப்பது அநியாயம். பள்ளித் தொழிற்பிரிவுகளில் பையன்கள் சேரும் மின்பணி, இயந்திரப் பணி, கட்டுமானம் ஆகியவற்றுக்குப் பள்ளி முடித்த கையோடு நல்ல கூலி கிடைக்கிறது. பெண்கள் அனுப்பப்படும் அழகுக்கலை, குழந்தைப் பராமரிப்பு போன்றவற்றுக்குச் சந்தை குறைவாகவே கொடுக்கிறது. கற்பித்தல் ஒன்றாக இருந்தாலும், எந்தக் கதவருகே கொண்டுபோய் விடுகிறோம் என்பதைப் பொறுத்து ஆயுள் வருமானம் மாறுகிறது.

இந்த இடத்தில் நம் நாட்டு ஆய்வு ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன், டெல்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களில் 160 கிராமங்களை எடுத்துக்கொண்டார். குலுக்கலில் தேர்ந்த பாதிக் கிராமங்களுக்கு, பிபிஓ நிறுவனங்களுக்கு ஆள் சேர்ப்பவர்கள் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நேரில் போனார்கள். பெண்களுக்கு என்னென்ன வேலை இருக்கிறது, என்ன தகுதி வேண்டும், எப்படி விண்ணப்பிப்பது என்று சொன்னார்கள். பயிற்சிக்கூடம் இல்லை, கருவிகள் இல்லை, உதவித்தொகையும் இல்லை. 2012-ல் வெளியான முடிவுகள்படி, அந்தக் கிராமங்களில் 15 முதல் 21 வயதுப் பெண்கள் திருமணத்தையும் குழந்தைப்பேற்றையும் தள்ளிப்போட்டார்கள். வேலைக்கோ மேற்கொண்டு படிப்புக்கோ போனவர்கள் கூடினார்கள். இன்னும் சிறிய பெண்குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அவர்களின் உடல்நலத்தைக் கவனிப்பதும்கூட மேம்பட்டன. வேலை என்ற ஒன்று தன் மகளுக்கும் உண்டு என்று ஒரு தகப்பன் கண்ணால் கண்டதும், அவர் வீட்டுக்குள் எடுக்கும் முடிவுகள் மாறின. அமெரிக்கப் பெண்களுக்குக் கிடைக்காத பலன் ஹரியானா, ராஜஸ்தான் கிராமத்துப் பெண்களுக்குக் கிடைத்ததற்குக் காரணம் தெளிவு: இங்கே திறந்துகாட்டியது புதிய கதவு.

இதே ஜென்சன் டொமினிக்கன் குடியரசில் செய்த இன்னொரு ஆய்வு இதைவிடச் சிறியது. எட்டாம் வகுப்புப் பையன்களிடம், பள்ளி முடித்தவர்கள் உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்ற கணக்கைச் சொன்னார்கள், அவ்வளவுதான். அடுத்த நான்கு ஆண்டுகளில் அவர்கள் சராசரியாக 0.2 ஆண்டு கூடுதலாகப் படித்தார்கள். ஒரு தகவலுக்கு அது பெரிய விளைச்சல். பிரிட்டனில் 1970-ல் பிறந்த ஒரு தலைமுறையை ஆயுள் முழுக்கத் தொடரும் ஆய்வின் தரவிலிருந்து மற்றொரு செய்தி: 14, 15 வயதில் பள்ளிக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர் தன் தொழிலைப் பற்றிப் பேசக் கேட்ட ஒவ்வொரு தடவைக்கும், 26 வயதில் சம்பளம் 0.8 விழுக்காடு கூடியிருந்தது. இது குலுக்கல் ஆய்வு இல்லை. நல்ல பள்ளிகளே அதிகம் பேச்சாளர்களை அழைத்திருக்கலாம் என்ற ஐயத்தை முற்றிலும் களைய முடியாது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் கொண்ட பிறகும் நிற்கும் தொடர்பு என்பதால் ஒதுக்கிவிடவும் முடியாது.

பிள்ளைகளுக்கு இந்தத் தகவல் எவ்வளவு தேவை என்பதற்கு ஓஇசிடி அமைப்பு 2020-ல் வெளியிட்ட கணக்கே சான்று. 41 நாடுகளில் 15 வயது மாணவர்களிடம் முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று கேட்டார்கள். பையன்களில் 47 விழுக்காட்டினரும் பெண்களில் 53 விழுக்காட்டினரும் வெறும் பத்து வேலைகளுக்குள் தங்கள் கனவை அடக்கிவிட்டார்கள். மருத்துவர், ஆசிரியர், காவல் அதிகாரி, வழக்கறிஞர் போன்றவைதான். நம் ஊரில் பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் ‘ஃபர்ஸ்ட் குரூப்பா, தேர்ட் குரூப்பா’ என்று கேட்கும் உறவினருக்கும் இதே பத்துதான் தெரியும்.

இப்போது எதிர்ப்பக்கம். பலன் நீடிக்கிறது என்றால் எத்தனை காலம்? எரிக் ஹனுஷெக், லுட்கர் வோஸ்மான் முதலியோர் 11 நாடுகளின் தரவை வைத்து 2017-ல் எழுதிய கட்டுரை, இந்தத் துறையில் உற்சாகம் கொண்ட அனைவரும் படிக்கவேண்டிய ஒன்று. தொழிற்கல்வி படித்தவர்கள் இளமையில் எளிதாக வேலைக்குப் போகிறார்கள். பொதுக்கல்வி படித்தவர்கள் தொடக்கத்தில் தடுமாறுகிறார்கள். வயது ஏற ஏற இது தலைகீழாகிறது. ஐம்பதை ஒட்டிய வயதில் தொழிற்கல்வி பெற்றவர்களே அதிகம் வேலை இழக்கிறார்கள். ஜெர்மனி, டென்மார்க், சுவிட்சர்லாந்து போன்ற, பயிற்சித் தொழிலாளர் முறை வேரூன்றிய நாடுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. காரணம் எளிது: பதினெட்டு வயதில் கற்ற இயந்திரம் நாற்பத்தெட்டு வயதில் பட்டறையில் இருப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட கருவியை மட்டும் கற்பித்த கல்வி, அந்தக் கருவியோடு சேர்ந்தே வயதாகிறது.

ஜெர்மனியில் இன்னொரு குறையும் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே, அதாவது பத்து வயதில், பிள்ளைகளைப் பள்ளி வகைவாரியாகப் பிரித்துவிடுகிறார்கள். பத்து வயதில் ஒரு குழந்தையின் திறமை என்று தெரிவது பெரும்பாலும் அதன் வீட்டின் வசதிதான். பிரிந்த பாதையிலிருந்து மேலே போக வழியில்லாத குறையை சுவிட்சர்லாந்து ஓரளவு உணர்ந்து திருத்திக்கொண்டது. அங்கே இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சிப் பாதையில் போகிறார்கள். ஆனால் 1990-களில் கொண்டுவந்த தொழில்வழிப் பள்ளி இறுதிச் சான்று, தச்சராகவோ எலக்ட்ரீஷியனாகவோ தொடங்கியவரும் பயன்முறைப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய வழிவிட்டது. ஹனுஷெக் கண்ட குறைக்கு மருந்து அந்த வழியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பலன் கரைந்துபோவது தொழிலைக் கற்றதால் நேர்வதில்லை. மேலே கற்க வழியில்லாமல் நின்றுபோனதால் நேர்வது.

தமிழ்நாட்டு வாசகர் இதுவரை படித்ததில் எங்கேனும் ஒரு முள் குத்தியிருக்கும். குத்தவேண்டியதுதான். 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றும் கழிக்கவேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, பெரியாரின் தலைமையில் எழுந்த எதிர்ப்பால் அது வீழ்ந்தது. 1954-ல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. பிறந்த சாதியின் தொழிலுக்கே பிள்ளையைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு என்று மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள்; சரியாகவே புரிந்துகொண்டார்கள். எழுபது ஆண்டு கழித்து ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தபோது, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையையும் 18 வயது என்ற தொடக்க வயதையும் தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்து, வயதை 35-ஆக உயர்த்தக் கேட்டதும் அந்த நினைவின் தொடர்ச்சியே. பதினெட்டு வயதுப் பிள்ளை போகவேண்டிய இடம் கல்லூரி என்பதில் இந்த மாநிலத்துக்கு ஐயம் இல்லை. உயர்கல்வியில் சேர்பவர் விகிதம் அகில இந்திய சராசரி 28.4 விழுக்காடாக இருக்கையில் தமிழ்நாட்டில் 47 விழுக்காடாக உயர்ந்தது (2021-22 கணக்கு) அந்த உறுதியால்தான்.

அதே காலத்தில் பள்ளித் தொழிற்கல்வி நம்மிடம் இளைத்தே கிடந்தது. மேல்நிலைக் கல்வி 1978-ல் தொடங்கியபோதே தொழிற்பிரிவும் உடன் வந்தது. அதே ஆண்டில், மேல்நிலைக் கல்வியைத் தொழில்சார்ந்ததாக மாற்றுவது பற்றிய தேசியக் குழுவின் அறிக்கையை எழுதித் தந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மால்கம் ஆதிசேஷையா. 1986-ன் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 25 விழுக்காட்டினரை 1995-க்குள் தொழிற்பாதைக்குக் கொண்டுவருவோம் என்றது. 2020-ன் கொள்கை, பள்ளி, உயர்கல்வி மாணவரில் பாதிப்பேருக்காவது 2025-க்குள் தொழிற்கல்வி அனுபவம் என்றது. 2023-ன் அசர் ஆய்வில், கிராமப்புற 14–18 வயதினரில் ஏதேனும் தொழிற்பயிற்சியில் இருந்தவர்கள் 5.6 விழுக்காடு. இலக்குகளின் வரலாறு இப்படி. ‘மார்க் வரலையா, வொகேஷனல் போ’ என்ற ஒற்றை வாக்கியம் எல்லா இலக்கையும் தின்றுவிட்டது. மற்ற குரூப் கிடைக்காதவர் போகும் இடம் என்று ஒரு பிரிவுக்குப் பெயர் வந்துவிட்டால், அதில் எவ்வளவு நல்ல பாடம் வைத்தாலும் பெற்றோர் அஞ்சுவார்கள்.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ம் நாள் தொடங்கிய ‘நான் முதல்வன்’ இந்த வரலாற்றை அறிந்து கட்டப்பட்ட திட்டமாகவே எனக்குத் தோன்றுகிறது. யாரையும் தனியே பிரித்து ஓர் ஓரத்தில் உட்காரவைக்கவில்லை. அரசுப் பள்ளியில் எல்லா குரூப் மாணவருக்கும் உயர்கல்வி வழிகாட்டல், நுழைவுத் தேர்வுகள் பற்றிய தகவல், கல்லூரிகளுக்கே நேரில் அழைத்துப்போகும் களப்பயணம் என்று அது மேல்நோக்கிய கதவுகளைக் காட்டுகிறது. கல்லூரிப் பாதையை மூடாதது அமெரிக்க அகாதெமிகளின் பலத்தில் ஒரு பாதி; இந்தத் திட்டமும் அதே பக்கம் நிற்கிறது. ஆனால் மற்றப் பாதி இன்னும் மெலிவாகவே இருக்கிறது. கல்லூரி வாசலைப் பார்த்த அளவுக்கு நம் பிளஸ் டூ மாணவர் ஒரு வேலையிடத்தின் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. கோயம்புத்தூரில் பம்புசெட் பட்டறைக்கு நடந்துபோகும் தூரத்தில் பள்ளிகள் இருக்கின்றன. ஓசூரில், ஸ்ரீபெரும்புதூரில், திருப்பூரில் ஆலைகளைச் சுற்றியே ஊர் வளர்ந்திருக்கிறது. அந்த ஆலைகளின் உள்ளே தரக்கட்டுப்பாடு பார்ப்பவர், கணக்கு எழுதுபவர், வடிவமைப்பவர், ஏற்றுமதி ஆவணம் தயாரிப்பவர் என எத்தனை வகை மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது, மதிலுக்கு இந்தப் பக்கம் படிக்கும் பிள்ளைக்குத் தெரியாது. தன் அப்பா தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் அதே நிறுவனத்தில் என்றால்கூட, அப்பாவின் வரிசையைத் தாண்டி அது எதையும் பார்த்ததில்லை. குலக்கல்விக்கு நேர் எதிரானது, பெற்றோரின் தொழிலைத் தவிர்த்த மற்றத் தொழில்களைப் பிள்ளைக்குக் காட்டுவது.

இதற்குப் பெரிய பணம் தேவைப்படாது என்பதை ஜென்சனின் கிராமங்கள் காட்டிவிட்டன. ஆண்டுக்குச் சில நாள், ஒரே நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு பெரியவர். பெண்பிள்ளைகளை எம்பிராய்டரிக்கும் பையன்களை மோட்டாருக்கும் என்று தலைப்பிலேயே பிரித்துவிடாத கவனம். இவற்றைச் செய்யலாம். மதிப்பெண் உயர்ந்ததா என்று மறு வருடமே கேட்டு, இல்லை என்றதும் திட்டத்தை நிறுத்திவிடாத பொறுமைதான் அரிது. கெம்பிளின் அறிக்கை சொல்வது அதைத்தான்: பலன் பழுத்தது மாணவர்கள் பள்ளியை விட்டுப் போன பிறகு.

அப்படியானால் போனவர்களைத் தேடிப்போக வேண்டும். எம்டிஆர்சி எட்டு ஆண்டு கழித்தும் ஐந்தில் நான்கு பேரைக் கண்டுபிடித்துப் பேசியது. முகவரி மாறியவர்கள், ஊர் மாறியவர்கள், பெயர் மாறியவர்கள் எல்லோரையும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் எமிஸ் என்ற பள்ளித் தகவல் தொகுப்பில் ஓர் எண் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்தால், உயர்கல்விக்கான அதேபோன்ற தொகுப்பில் யூமிஸ் எண் வந்துவிடும். கல்லூரிக்குப் போகாத பிள்ளையின் எமிஸ் எண்ணோ, அது பள்ளியை விட்ட நாளில் உறங்கிவிடுகிறது. வழிகாட்டல் மிகவும் தேவைப்பட்டது அந்தப் பிள்ளைக்குத்தான். 2022-23-ல் பிளஸ் டூ படித்து, நான் முதல்வன் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் 2031-ல் பள்ளியை விட்டு எட்டு ஆண்டு முடித்திருப்பார்கள். அவர்களில் சில ஆயிரம் பேரின் கைப்பேசி எண்ணையும், கூடவே அம்மாவின் எண்ணையும், சம்மதம் கேட்டு இப்போதே எழுதிவைத்துக்கொள்ளலாம்.